செல்லுக்குள் ஒரு பாகப்பிரிவினை

பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி தெளித்த பருத்தி வயலில், பத்து நாட்கள் கழித்து, வளராமல் குன்றி நிற்கும் ஒரு புல்லை மண்ணோடு பெயர்த்து எடுத்து, அதன் வேரைக் கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் அடுத்த பருவத்தில் அவசியம் பாருங்கள். வேர் நுனி ஊசி போல் கூராக இராது. தீக்குச்சியின் தலையைப் போல் பருத்து, உருண்டு, அத்தோடு நின்று போயிருக்கும். பக்க வேர்களும் குட்டையாகவே இருக்கும். அந்தப் புல்லைக் கொன்றது எரிக்கும் நஞ்சு அன்று. அதன் வேர் நுனியில் இருந்த செல்கள் இரண்டாகப் பிரிய முற்பட்டன, பிரிய முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இதை இங்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக ஓர் ஊருக்குச் சென்றிருந்தபோது, பருத்தி பயிரிட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தம் வயலுக்கு அழைத்துச் சென்றார். "போலி மருந்தைத் தலையில கட்டிட்டாங்க, சார். களை ஒண்ணுகூடச் சாகல" என்றார். எப்போது தெளித்தீர்கள் என்று கேட்டேன். விதைத்துப் பதினைந்து நாள் கழித்து, களை கண்ணுக்குத் தெரிந்த பிறகு தெளித்ததாகச் சொன்னார். மருந்தில் குறையில்லை, தெளித்த நாளில்தான் குறை. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "விதைத்த 3-ஆம் நாள் தெளிக்கவும்" என்று ஆண்டுதோறும் சொல்லி வந்த என் போன்றவர்கள், ஏன் 3-ஆம் நாள் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. காரணம் தெரியாத பரிந்துரை, வேலை நெருக்கடியில் முதலில் மறந்து போகும். அந்தக் காரணத்தைத்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

செல்லும் குரோமோசோமும்

செங்கற்களால் வீடு கட்டப்படுவது போல, பயிர், கால்நடை, மனிதன் ஆகிய எல்லா உயிர்களின் உடலும் செல்கள் என்னும் நுண்ணிய அறைகளால் ஆனது. செல்லின் நடுவே உட்கரு உள்ளது. பயிரின் உயரம், வயது, மணியின் நிறம், நோய் தாங்கும் திறன் ஆகியவற்றிற்கான குறிப்புகள் யாவும் இந்த உட்கருவில் நீண்ட இழைகளில் பதிந்திருக்கின்றன. இவ்விழைகளே குரோமோசோம்கள். இவற்றை ஒரு குடும்பத்தின் நிலப் பத்திரங்களாகக் கருதிக் கொள்ளுங்கள். ஒரு பத்திரம் தொலைந்தாலும் துன்பம். ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தாலும் வழக்குதான்.

ஒவ்வோர் உயிரினத்திற்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை நிலையானது. நெல்லின் செல் ஒன்றில் 24, சோளத்தில் 20, மக்காச்சோளத்தில் 20, கம்பில் 14, கேழ்வரகில் 36, நிலக்கடலையில் 40, வெங்காயத்தில் 16, தென்னையில் 32 குரோமோசோம்கள் உள்ளன. பசுவிலும் வெள்ளாட்டிலும் 60, செம்மறியில் 54, மனிதரில் 46.

நீங்கள் விதைக்கும் ஒரு நெல்மணியின் கரு, ஒரே ஒரு செல்லில் இருந்து தொடங்கியது. அந்த ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, கோடிக்கணக்கில் பெருகித்தான் தூர் கட்டுகிறது, கதிர் விடுகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் 24 குரோமோசோம்களும் பிசகாமல் இரு பக்கமும் சேர வேண்டும். அண்ணனுக்கு 25, தம்பிக்கு 23 என்று பங்கிட்டால் இருவர் குடும்பமும் சீர்கெடும். இந்தப் பாகப்பிரிவினை எவ்வளவு துல்லியமாக நடக்கிறது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். ரொட்டி புளிக்கப் பயன்படும் ஈஸ்ட்டில், குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் பங்கு தவறிப் போவது ஏறக்குறைய 1,00,000 பிரிவுகளுக்கு ஒரு முறைதான்.

பங்கீடு நடக்கும் விதம்

முதற்படியாக, செல் தன்னிடமுள்ள ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நகல் எடுக்கிறது. 24 இழைகள் 24 இரட்டைகளாகின்றன. மூலமும் நகலும் பிரிந்து கலந்து விடாதபடி, வளையம் போன்ற புரதங்கள் அவ்விரண்டையும் சேர்த்துக் கட்டி வைக்கின்றன. கோஹீசின் எனப்படும் இக்கட்டுப் புரதம் 1997-இல் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டது.

இரண்டாவதாக, நீண்டு கிடந்த இழைகள் சுருண்டு, குட்டையான தடித்த கோல்களாகின்றன. அறுவடை முடிந்த வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைக் கற்றையாகக் கட்டினால்தான் எடுத்துச் செல்ல முடியும் அல்லவா? இதுவும் அத்தகைய வேலைதான்.

மூன்றாவதாக, செல்லின் இரு முனைகளில் இருந்தும் நுண்குழல்கள் என்னும் மெல்லிய இழைகள் நீளுகின்றன. இவை சேர்ந்து, நடு பருத்து இரு முனையும் கூம்பிய நூல் நூற்கும் கதிரைப் போலக் காட்சி தருவதால், இந்த அமைப்பைக் கதிர் என்றும், இழைகளைக் கதிர் இழைகள் என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு நுண்குழலும் டியூபுலின் என்ற புரதத்தின் சிறு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நீளுவது. தேவையில்லாதபோது அத்துண்டுகள் கழன்று, குழல் சுருங்கி விடும். கட்டுவதும் கலைப்பதும் நிமிடத்திற்கு நிமிடம் நடந்து கொண்டே இருக்கும். இந்த டியூபுலினை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் வயலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்குதான் இருக்கிறது.

நான்காவதாக, ஒவ்வொரு குரோமோசோம் இரட்டையின் இடுப்பிலும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் உண்டு. ஒரு கொக்கியை ஒரு முனையில் இருந்து வரும் இழையும், மற்றொரு கொக்கியை எதிர்முனை இழையும் பற்றிக் கொள்ள வேண்டும். இரு பக்கமும் பற்றியதும் கயிறிழுக்கும் போட்டியைப் போல இரு திசையிலும் இழுப்பு ஏற்படுகிறது. கயிறு விறைக்கிறது. குரோமோசோம்கள் யாவும் செல்லின் நடுவே வரிசையாக வந்து நிற்கின்றன.

சில சமயம் இரண்டு கொக்கிகளும் தவறுதலாக ஒரே முனையின் இழைகளில் மாட்டிக் கொள்வதுண்டு. அப்போது எதிர் இழுப்பு இராது. கயிறு தொய்ந்து கிடக்கும். தொய்ந்த பிடிப்பைச் செல் நம்புவதில்லை. அதை அவிழ்த்துவிட்டு மீண்டும் பற்றச் செய்கிறது. விறைப்பான பிடிப்பை மட்டுமே நிலைக்க விடுகிறது. முடிச்சுப் போட்டதும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாரத்தை ஏற்றும் வண்டிக்காரரின் வழக்கமும் இதுவே.

கடைசியாக, எல்லா இரட்டைகளும் சரிவரப் பிடிபட்ட பிறகு, செப்பரேஸ் என்ற நொதி கத்தரியைப் போல் செயற்பட்டுக் கட்டு வளையங்களை ஒரே சமயத்தில் வெட்டுகிறது. கட்டு அறுந்ததும் மூலம் ஒரு பக்கமும் நகல் மறுபக்கமும் இழுபட்டுச் செல்கின்றன. நடுவில் சுவர் எழுந்து ஒரு செல் இரண்டாகிறது.

கத்தரியைப் பிடித்து நிறுத்தும் காவல்

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாம் பிடிபட்டு விட்டன என்பது கத்தரிக்கு எப்படித் தெரியும்? கடைசி ஒன்று பிடிபடாமல் இருக்கும்போதே வெட்டி விட்டால் பங்கு பிசகி விடுமே?

இதற்கென்று செல்லில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. இழை மாட்டாத கொக்கி ஒவ்வொன்றும் "பொறு, பொறு" என்னும் இரசாயனச் செய்தியை அனுப்பிக் கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு கொக்கி மீதி இருந்தாலும் கத்தரி வேலை செய்யாது. கடைசிக் கொக்கியும் மாட்டப்பட்டதும் செய்தி அடங்குகிறது, கத்தரி விடுவிக்கப்படுகிறது. மதகைத் திறக்குமுன் கடைமடைக்காரர் வரை கேட்டுத் தெரிந்து கொள்ளும் நீர்க்கட்டியை இதற்கு உவமை சொல்லலாம்.

இது வெறும் ஊகம் அன்று. சோதனைகளால் நிலைநாட்டப்பட்ட உண்மை. அச்சோதனைகளில் சிலவற்றைக் கேளுங்கள்.

விஞ்ஞானிகள் கண்டறிந்த விதம்

செர்மனி நாட்டில் வால்தர் பிளெமிங் என்பவர் சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ் உயிரின் செல்களுக்குச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் வழியே பார்த்து, குரோமோசோம்கள் நீளவாக்கில் பிளந்து இருபுறமும் செல்வதை வரைந்து 1882-இல் நூலாக வெளியிட்டார். "குரோமோசோம்" என்ற பெயர் 1888-இல் வந்தது. சாயத்தை நன்றாக ஏற்கும் பொருள் என்பதே அதன் கருத்து.

ஆனால் சாயம் ஏற்றினால் செல் இறந்து விடும். கதிர் இழைகள் உயிருள்ள செல்லில் உண்மையாகவே இருக்கின்றனவா, அல்லது சாயம் ஏற்றும்போது தோன்றும் கோடுகள்தாமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்து வந்தது. ஜப்பானிய வமிசத்தவரும் அமெரிக்காவில் பணியாற்றியவருமான ஷின்யா இனோவே, தனி வகை ஒளியைப் பயன்படுத்தும் நுண்ணோக்கி ஒன்றை அமைத்து, லில்லிப் பூவின் மகரந்தத் தாய்ச் செல்லிலும் கடற்புழுவின் முட்டையிலும் கதிர் இழைகளை உயிரோடு காட்டினார். அது 1953-ஆம் ஆண்டு. செல்லைக் குளிரவைத்தால் இழைகள் கலைந்து மறைவதையும், மீண்டும் வெப்பம் தந்தால் திரும்பத் தோன்றுவதையும் அவர் கண்டார். இழைகள் கட்டிக் கலைபவை என்பது இவ்வாறு விளங்கியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் செய்த சோதனை மிகவும் சுவையானது. நாம் வயலில் காணும் கும்பிடுபூச்சியின் இனத்தைச் சேர்ந்த பூச்சியின் விந்துச் செல்லில், சில வேளை ஒரு குரோமோசோம் இணை சேராமல் தனித்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டிருப்பதால் அதற்கு எதிர் இழுப்பு இல்லை. அத்தகைய செல் பிரியாமல் மணிக்கணக்கில் காத்து நிற்கும். நிக்லஸும் அவருடன் பணியாற்றியவரும் முடியிலும் மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் செலுத்தி, அந்தத் தனிக் குரோமோசோமை எதிர்ப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தார்கள். காத்து நின்ற செல், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரியத் தொடங்கியது. கயிறு விறைத்திருக்கிறதா என்பதையே செல் கவனிக்கிறது என்பதற்கு 1995-இல் வெளியான இந்தச் சோதனை நேரடிச் சான்று.

அதே 1995-இல் கான்லி ரீடர் என்பவர் வேறொரு வழியில் சோதித்தார். ஆஸ்திரேலியாவின் எலிக் கங்காருவின் செல்களில் குரோமோசோம்கள் மிகச் சிலவே, அளவிலும் பெரியவை. அவற்றில் கடைசியாகப் பிடிபடாமல் நின்ற ஒரு கொக்கியை லேசர் ஒளிக்கற்றையால் சுட்டு அழித்தார். குரோமோசோம் இன்னும் சரியாக மாட்டப்படவில்லை. ஆனாலும் செல் பிரிந்து விட்டது. "பொறு" என்று சொல்லிக் கொண்டிருந்தது அந்தக் கொக்கியே என்பது இதனால் உறுதியாயிற்று.

இதற்கு முன்பே, 1991-இல், ஆண்ட்ரூ மரே குழுவினரும் ஆண்ட்ரூ ஹொயிட் குழுவினரும் காவல் வேலைக்குரிய மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்திருந்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய பொருள் எது தெரியுமா? பெனோமில் முதலிய பூசணக்கொல்லிகளைத்தான். பயிர் நோய்க்குத் தெளிக்கப்பட்ட அதே வகை மருந்து ஈஸ்ட்டின் நுண்குழல்களைக் கலைத்து விடுகிறது. நல்ல ஈஸ்ட் செல்கள் காவலுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருக்கும். காவல் கெட்டவை காத்திராமல் பிரிந்து, பங்கு பிசகி மடியும். அவ்வாறு மடிந்தவற்றைத் தேடி எடுத்து, அவற்றில் கெட்டிருக்கும் மரபணு எது என்று பார்த்தார்கள். அந்த மரபணுக்கள் மனிதர் வரை எல்லா உயர் உயிர்களிலும் இருப்பது பின்னர் தெரிய வந்தது.

நம் கிழங்குப் பயிரும் நம் பூச்செடியும்

திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களிலும் வேதாரண்யம் பகுதியிலும் கண்வலிக்கிழங்கு பயிரிடும் உழவர்கள், தம் விதை வெளிநாட்டிற்குப் போகிறது என்று அறிவார்கள். நம் மாநில மலரான செங்காந்தளே அது. அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்னும் பொருள் உள்ளது. கோல்சிசின் டியூபுலினைப் பற்றிக் கொண்டு, நுண்குழல்கள் நீள விடாமல் தடுக்கிறது. கதிர் இல்லாமற் போகவே, குரோமோசோம்கள் சுருண்டு தடித்த நிலையில் நடுவழியில் நின்று விடுகின்றன. அந்த நிலையில்தான் அவற்றை எளிதாக எண்ண முடியும்.

எங்கள் மாணவர்கள் செய்முறை வகுப்பில் செய்வதும் இதுவே. வெங்காயத்தைத் தண்ணீரில் வேர்விடச் செய்து, காலையில் வேர் நுனிகளை நறுக்கி, கோல்சிசின் போன்ற கரைசலில் சிறிது நேரம் இட்டு, பின் மூன்று பங்கு சாராயமும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் நிலைப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெருவிரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். முதல் முறையாக 16 குரோமோசோம்களையும் எண்ணி முடிக்கும் மாணவரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி, ஆண்டுதோறும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. மனிதரின் குரோமோசோம்கள் 48 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. சாவாவில் பிறந்து பயிர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து வந்த ஜோ ஹின் ஜியோ என்பவர், லெவான் என்பவருடன் சேர்ந்து, கோல்சிசின் உதவியோடு எண்ணி, அது 46 என்று 1956-இல் நிலைநாட்டினார்.

கோல்சிசின் கீல்வாத நோய்க்கு மருந்தாகவும் பயன்படுகிறது. அதே பொருள் அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். பிரிந்து கொண்டே இருக்கும் குடல் உட்சுவரின் செல்களும் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையின் செல்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே கண்வலிக்கிழங்கு பயிரிடுவோர் கிழங்கையும் விதையையும் உணவுக் கிழங்குகளோடு சேர்த்து வைக்கலாகாது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாதபடி பாதுகாக்க வேண்டும். விதை உடைத்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவு உண்ணக் கூடாது. யாரேனும் தவறிச் சாப்பிட்டு விட்டால், வாந்தி பேதி தொடங்கட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படும் நித்தியகல்யாணியும் இதே இனத்துச் சரக்குதான். அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவையும் டியூபுலினைப் பற்றுபவை. கட்டுப்பாடின்றிப் பிரியும் புற்றுநோய்ச் செல்களை நிறுத்த இவை உதவுகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்துகளில் ஒன்று.

பங்கு பிசகினால் என்ன?

மனிதரில் 21-ஆம் குரோமோசோம் இரண்டிற்குப் பதில் மூன்றாக அமைந்தால் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி உண்டாகிறது என்பது 1959-இல் கண்டறியப்பட்டது. ஒரே ஒரு பத்திரம் கூடியதன் விளைவு அது.

ஆனால் பயிர்களில் முழுத் தொகுதியே கூடுதலாக இருந்தால் சில வேளை நமக்கு நன்மை கிட்டுகிறது. காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள். அதாவது 11 வீதம் இரண்டு தொகுதி. நாம் பயிரிடும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், ரொபஸ்டா ஆகியவற்றில் மூன்று தொகுதி, 33 குரோமோசோம்கள். மகரந்தமும் சூலும் உண்டாகும்போது தொகுதிகளை இரு பங்காக்க வேண்டும். மூன்றை இரண்டாகச் சமமாகப் பங்கிட இயலாது. ஆகவே விதை உண்டாவதில்லை. பழம் நமக்கு வாய்க்கிறது. விதையில்லாத் தர்ப்பூசணியும் இவ்வாறே. 1937-இல் கோல்சிசினால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று தெரிந்த பின், ஜப்பானில் கிஹாரா குழுவினர் 44 குரோமோசோம் உடைய செடியை உண்டாக்கி, 22 உடைய செடியோடு கலந்து, 33 உடைய விதையில்லாக் காயைப் பெற்றார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. விதையில்லாத வாழை கன்றின் மூலமே பெருகுகிறது. தோட்டம் முழுவதும் ஒரே செடியின் மறுபதிப்பு. தாய்க்கு வரும் வாடல் நோய் எல்லாக் கன்றுக்கும் வரும். ஆகவே நோயுற்ற தோட்டத்தில் இருந்து கன்று எடுக்கலாகாது என்ற பரிந்துரை வாழைக்கு மற்றெந்தப் பயிரையும் விட முக்கியமானது.

களைக்கொல்லி தாக்கும் இடம்

இனி அந்தப் பெரியவரின் பருத்தி வயலுக்கு வருவோம். பெண்டிமெத்தலின் பயிரினங்களின் டியூபுலினைப் பற்றி, நுண்குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. முளைக்கும் களையின் வேர் நுனியிலும் குருத்திலும் செல்கள் நகல் எடுத்து விடுகின்றன. ஆனால் கதிர் அமையாததால் பிரிய முடிவதில்லை. செல்லை நீளவாக்கில் வளரச் செய்வதும் நுண்குழல்களே ஆதலால், செல்கள் நீளாமல் உருண்டு பருக்கின்றன. தீக்குச்சித் தலை போன்ற வேர் நுனிக்கு இதுவே காரணம்.

இதிலிருந்து நான்கு உண்மைகள் தாமாகவே விளங்கும்.

ஒன்று: இம்மருந்து செல் பிரிவைத்தான் தடுக்கும், வளர்ந்து முடிந்த இலையை எரிக்காது. வேரூன்றிய களையின் மேல் தெளித்தால் பணம்தான் வீண். எனவேதான் விதைத்த 3 நாட்களுக்குள், களை முளைக்குமுன் தெளிக்கச் சொல்கிறோம்.

இரண்டு: மருந்து மண்ணின் மேல் அடுக்கில் படலமாக இருந்து, அதன் வழியே முளைத்து வரும் களையைத் தாக்க வேண்டும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் களை விதை மருந்தை ஏற்காது. பாய்ச்சிய ஈரத்தில் தெளிக்க வேண்டும்.

மூன்று: தெளித்த பின் நிலத்தில் நடந்து படலத்தைக் கலைக்கக் கூடாது. பின்னோக்கி நடந்து கொண்டே தெளிப்பது நல்லது.

நான்கு: பயிரின் டியூபுலினும் களையின் டியூபுலினும் ஏறத்தாழ ஒன்றே. பருத்தியும் நிலக்கடலையும் தப்புவது, பெரும்பாலும் அவற்றின் விதை மருந்துப் படலத்திற்குக் கீழே இருப்பதால்தான். விதையை மேலாக ஊன்றினாலும், மணற்பாங்கான நிலத்தில் அளவுக்கு மேல் மருந்திட்டாலும், பயிரின் வேரும் பருத்து நிற்கும்.

பருத்திக்குப் பெண்டிமெத்தலின் 30 சதக் குழம்பு எக்டேருக்கு 3.3 லிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர் மருந்தை, ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். மற்றப் பயிர்களுக்கும் வேறு வடிவில் விற்கப்படும் மருந்துக்கும் அளவு மாறுபடும். வாங்கிய புட்டியின் சீட்டைப் படித்து, உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைக் கேட்டுத் தெளிவு பெறவும்.

ஒரே மருந்தையே நம்பினால்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரைபுளுராலின் என்ற மருந்தைப் பருத்தி நிலங்களில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து இட்டு வந்தார்கள். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு காட்டுப் புல் அந்த மருந்துக்கு அடங்காமல் வளர்வது 1984-இல் அறிவிக்கப்பட்டது. காரணம் 1998-இல் வெளியாயிற்று. அந்தப் புல்லின் டியூபுலினில், 239-ஆம் இடத்தில் இருந்த ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. மருந்து பற்றுவதற்குப் பிடி கிடைக்கவில்லை. கதிர் வழக்கம் போல் அமைந்தது.

மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. கோடிக்கணக்கான விதைகளில் தற்செயலாக ஒன்றிரண்டில் அது தோன்றியிருக்கும். ஆண்டுதோறும் ஒரே மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு இடம் ஒதுக்கித் தந்தது.

கார்பன்டசிம் பூசணக்கொல்லியும் பூசணத்தின் டியூபுலினையே தாக்குகிறது. ஆடுகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல், பென்பெண்டசோல் ஆகிய குடற்புழு மருந்துகள் புழுவின் டியூபுலினைத் தாக்குகின்றன. இவ்விரண்டிலும் இதே கதை நிகழ்ந்துள்ளது. ஆட்டின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுவின் டியூபுலினில் 200-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து பலிக்காது. பெயர் வேறாக இருந்தாலும் குடும்பம் ஒன்றானால், மருந்தை மாற்றியதாக ஆகாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பெண்டிமெத்தலினை விதைத்த 3 நாட்களுக்குள், ஈரம் இருக்கும்போது தெளியுங்கள். நாள் தவறி விட்டால் அம்மருந்தை வாங்காதீர்கள், கைக்களை எடுங்கள்.

2. மருந்துக்குத் தப்பிய களையை விதை கட்ட விடாமல் 40 முதல் 45 நாட்களுக்குள் கைக்களை எடுத்து நீக்குங்கள். எதிர்ப்புத் திறன் பெற்ற களை அதில்தான் ஒளிந்திருக்கும்.

3. ஆண்டுதோறும் ஒரே குடும்பக் களைக்கொல்லியையோ பூசணக்கொல்லியையோ நம்பாதீர்கள். பயிர்ச் சுழற்சியும் மருந்துச் சுழற்சியும் தேவை.

4. ஆடுகளுக்குக் குடற்புழு மருந்தை எடைக்குத் தக்க முழு அளவில் கொடுங்கள். குறைந்த அளவு எதிர்ப்பை வளர்க்கும். எந்தக் குடும்ப மருந்து, எப்போது மாற்றுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

5. மருந்து பலிக்காதபோது "போலி" என்று முடிவு கட்டுமுன், களையின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். நுனி பருத்திருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. முளைக்குமுன் சரியாகத் தெளித்தும் வேர் கூராகவே நீண்டிருந்தால், அந்தச் செடியை வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த பருவத்தில் 3-ஆம் நாள் தெளித்தார். பிறகு ஒரு நாள், வேர் பருத்த நாலைந்து புல்லைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துக் கொண்டு கல்லூரிக்கே வந்து விட்டார். நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "பங்கு பிரிக்க முடியாம நின்னு போச்சுங்களா, சார்?" என்றார். பல பக்கங்களில் நான் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லி விட்டார்.